வாடிய உள்ளமும் வாடிக்கைக்காரரும்

அல்லாஹ்வின் திருப்பெயரால் ஆரம்பம் செய்கிறேன். ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் யாவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியமிக்க வணிகச் சகோதரர்களே!

நம் சங்க இதழில் ஜகாத் கணக்கைப் பற்றி எழுதுகிறோம். ஹஜ்ஜுக்குப் போகும் ஒழுங்கைப் பற்றி எழுதுகிறோம். வட்டி, கலப்படம், நிறுவைக் குறைவு ஆகிய பாவங்களை எச்சரித்து எழுதுகிறோம். இவை யாவும் வேண்டியவையே. ஆனால் நம் கடைக்குள்ளேயே, கல்லாப் பெட்டிக்குப் பின்னாலேயே வந்து குந்திக்கொள்ளும் ஒரு நோயைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை. மனச்சோர்வு என்பதுதான் அந்த நோய்.

நான் ஆலிம் அல்லன். ஊர் மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்தி, இளம் வயதிலேயே ஜொகூருக்கு வந்து, இன்று சிறியதொரு மளிகைக் கடை வைத்திருப்பவன். உஸ்தாதுமார்கள் காலடியில் உட்கார்ந்து கேட்டதையும், கடையில் நின்று கண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். பிழை இருப்பின் உலமாப் பெருமக்கள் திருத்துவார்களாக.

முதலில் நோயை அறிந்து கொள்வோம். ஒரு நாள் வியாபாரம் படுத்தால் வருகிற வருத்தம் இதுவன்று. அது மறுநாள் வியாபாரம் நடந்தால் போய்விடும். மனச்சோர்வோ வாரக் கணக்கில் தங்கும். இரவில் தூக்கம் வராது. பகலில் படுக்கை விடாது. பிரியாணி வைத்தாலும் மண்ணைத் தின்றது போலிருக்கும். பிள்ளை சிரித்தால் நமக்குச் சிரிப்பு வராது. நான் எதற்கும் உதவாதவன் என்று உள்ளே ஒரு குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு 2019-இல் நடந்தபோது, பெரியவர்களில் நூற்றுக்கு 2.3 பேருக்கு இந்நோய் இருந்தது. 2023-இல் அதே ஆய்வு நடந்தபோது அது 4.6 ஆகிவிட்டது. அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேர்! இவர்களில் வியாபாரிகள் இல்லையா? கடை ஊழியர்கள் இல்லையா? நம் ஜமாஅத்தில் ஒருவரும் இல்லை என்று யார் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியும்?

"ஈமான் பலமாக இருந்தால் இதெல்லாம் வருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. சகோதரர்களே, இந்தக் கேள்வி நோயாளியின் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுகிறது. யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துக்கத்தில் அழுது அழுது கண் பார்வையை இழந்தார்கள் என்று திருமறை கூறுகிறது. அவர்களுக்கு ஈமான் குறைவா? அன்னை மர்யம் (அலை) பிரசவ வேதனையின்போது, இதற்கு முன்பே தாம் இறந்து போயிருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள். அல்லாஹ் அவர்களைக் கடிந்து கொண்டானா? பேரீச்சம் பழமும் ஓடுகிற நீரும் கொடுத்து ஆறுதல் சொன்னான். நம் நாயகம் (ஸல்) அவர்கள் நுபுவ்வத்தின் பத்தாம் ஆண்டில் அன்னை கதீஜா (ரலி) அவர்களையும், பெரிய தந்தை அபூதாலிபையும் அடுத்தடுத்து இழந்தார்கள். சரித்திர ஆசிரியர்கள் அந்த ஆண்டுக்குத் 'துக்க ஆண்டு' என்றே பெயர் வைத்தார்கள். கவலையை விட்டும் துக்கத்தை விட்டும் இயலாமையை விட்டும் சோம்பலை விட்டும் பாதுகாவல் தேடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் துஆவும் கற்றுக் கொடுத்தார்கள். வராத ஒன்றுக்கா பாதுகாவல் தேடச் சொல்வார்கள்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை அறியாதவர் உண்டா? பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் தலைமைப் பேராசிரியர். 1095-ஆம் ஆண்டு, 37-ஆம் வயதில், அவர்களுடைய நாவு கட்டிக்கொண்டது. மாணவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, ஒரு சொல் வரவில்லை. சோறு தண்ணீர் இறங்கவில்லை. மருத்துவர்கள் பார்த்துவிட்டு, இது உள்ளத்திலிருந்து உடம்புக்கு இறங்கிய நோய் என்று கையை விரித்தார்கள். இதையெல்லாம் மறைக்காமல் தம் கைப்பட எழுதி வைத்தவர்களும் இமாம் அவர்களே. பக்தாதை விட்டுப் புறப்பட்டு, பல ஆண்டுகள் கழித்து 1106-இல் நைஸாபூரில் மறுபடியும் பாடம் நடத்த உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் முன்னால், 934-இல் மறைந்த அபூ ஸைது அல்பல்கீ என்ற முஸ்லிம் மேதை, உடம்பின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, காரணமே தெரியாமல் வரும் துக்கம் ஒன்று என்று வகை பிரித்துக் காட்டினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர்கள் வெட்கப்படாமல் பேசியதை இன்று நாம் பேச வெட்கப்படலாமா?

இனி மருந்துக்கு வருவோம். வள்ளுஹா ஸூராவை நம்மில் சிறு பிள்ளையும் மனனம் செய்திருக்கும். அது இறங்கிய சந்தர்ப்பத்தை எண்ணிப் பாருங்கள். வஹீ சில காலம் நின்று போயிற்று. எதிரிகள், முஹம்மதை அவருடைய இறைவன் கைவிட்டான் என்று ஏளனம் பேசினார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் திருவுள்ளம் வாடியது. அப்போது இறங்கிய அந்தப் பதினொரு ஆயத்துகளில் அல்லாஹ் முதலில் ஆறுதல் சொல்கிறான். உம்மைக் கைவிடவில்லை என்று உறுதி சொல்கிறான். அநாதையாக இருந்தபோது அரவணைத்ததை நினைவூட்டுகிறான். பிறகு என்ன செய்கிறான்? வேலை கொடுக்கிறான்! அநாதையை அடக்கி ஒடுக்காதிருக்கவும், கேட்டு வருபவரை விரட்டாதிருக்கவும், கிடைத்த அருளை எடுத்துச் சொல்லவும் கட்டளையிடுகிறான். வாடிய உள்ளத்துக்கு ஆறுதல் சொன்ன கையோடு, பிறருடைய வாட்டத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிவிடுகிறான் ரப்புல் ஆலமீன்.

கேட்டு வருபவர் என்றால் யாசகர் என்றும், கல்வி கேட்டு வருபவர் என்றும் விரிவுரையாளர்கள் சொல்வார்கள். நமது கடைக்கு வருபவர் காசு கொடுத்து வாங்க வருகிறார். ஆயினும் அவரும் ஏதோ ஒரு தேவையை வாயில் வைத்துக்கொண்டுதான் வாசல் ஏறுகிறார். இதைத் தப்ஸீராகச் சொல்லவில்லை; என் நெஞ்சுக்கு நான் சொல்லிக்கொள்ளும் படிப்பினையாகச் சொல்கிறேன்.

மூஸா நபி (அலை) அவர்களின் சரித்திரத்தைப் பாருங்கள். உயிருக்குப் பயந்து மிஸ்ரிலிருந்து தப்பி, மத்யன் வந்து சேர்கிறார்கள். கையில் காசில்லை, தங்க இடமில்லை, தெரிந்த முகம் ஒன்றில்லை. அங்கே கிணற்றடியில் இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளுக்கு நீர் காட்ட முடியாமல் ஒதுங்கி நிற்பதைக் காண்கிறார்கள். தம்முடைய தேவையை ஒரு புறம் வைத்து, "உங்கள் விஷயம் என்ன?" என்று விசாரிக்கிறார்கள், நீர் இறைத்துக் கொடுக்கிறார்கள். அதன் பிறகே நிழலில் ஒதுங்கி, தமக்கு எந்த நன்மை வந்தாலும் அதற்குத் தாம் ஏழையே என்று இறைவனிடம் கையேந்துகிறார்கள். அன்றைக்கே வேலையும், வீடும், மனைவியும் வந்து சேரும் வழி பிறந்தது. தானே வாடி நிற்பவர் இன்னொருவரின் வாட்டத்தை விசாரித்தார். அல்லாஹ் அவருடைய வாட்டத்தை விசாரித்தான்.

கடைக்காரர்களாகிய நமக்கு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களைப் போல் முன்மாதிரி வேறு யார்? மக்காவில் சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டு மதீனாவுக்கு வந்தார்கள். அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோ பரக்கத்துக்கு துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள்! பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தொழிலை ஆரம்பித்தார்கள். ஊரை விட்டு வந்தவருடைய உள்ளத்துக்குக் கடைவீதி என்ன செய்யும் என்பது, தாயகத்தை விட்டு வந்து ஜொகூரில் கடை வைத்த நம் முன்னோர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இனி என் அனுபவத்தில் ஒரு சிறிதைச் சொல்கிறேன். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. 1924-இல் திறந்த ஜொகூர் பாலம் அன்றோடு அடைபட்டது. சிங்கப்பூரிலிருந்து வந்து மசாலாவும் பருப்பும் பேரீச்சம் பழமும் வாங்கிப் போனவர்கள் வரவில்லை. சில நாளில் இந்தியாவுக்கு விமானமும் நின்றது. அந்தச் சமயம் பார்த்து ஊரில் என் வாப்பா மௌத்தானார்கள். ஜனாஸாவைப் போனில் பார்த்தேன். ஒரு பிடி மண் போடவும் கொடுத்து வைக்கவில்லை. ரமலான் வந்தது, பள்ளியில் தராவீஹ் இல்லை, ஒன்றாக உட்கார்ந்து நோன்புக் கஞ்சி குடிக்கவும் வழியில்லை. அத்தியாவசியச் சாமான் விற்பதால் என் கடை திறந்திருந்தது. நானோ அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சரக்கு வந்து இறங்கினாலும் அடுக்கத் தோன்றாது. பையன்கள் பேசினால் காதில் விழும்; நெஞ்சில் விழாது.

பக்கத்து அடுக்கு வீட்டில் தனியே இருந்த சீனப் பெரியவர் ஒருவர் தினமும் காலை பத்து மணிக்கு வருவார். அவருடைய மகன் சிங்கப்பூரில் வேலை. பாலம் அடைபட்டதால் அக்கரையிலேயே நின்றுவிட்டான். பெரியவர் இரண்டு முட்டை வாங்குவார், அல்லது ஒரு பொட்டலம் காப்பித்தூள் வாங்குவார். "சுடா மாக்கான்?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் பால் டின்னைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துப் பொடியாக இருந்தது. அவருக்கோ சீனி வியாதி. நான் எழுந்து போய்ப் படித்துச் சொன்னேன். சீனி இல்லாத பாலை எடுத்துக் கொடுத்து, அதன் மேல் மையால் பெரிய எழுத்தில் எழுதியும் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் காலை பத்து மணி ஆனதும் என் கண் தானாக வாசலைப் பார்த்தது. பல வாரங்களுக்குப் பின் நான் ஒன்றை எதிர்பார்த்தேன், சகோதரர்களே! வாப்பா மௌத்தான செய்தியை அவரிடம்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்.

பிறகு தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளிலிருந்து சாமான் கேட்டுப் போன் வரத் தொடங்கியது. பை கட்டிக் கதவுக் கம்பியில் மாட்டிவிட்டு, தள்ளி நின்று குரல் கொடுப்போம். சன்னலிலிருந்து ஒரு கை அசையும். 2021-இல் உதவி வேண்டியவர்கள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டியபோது, கொடி கட்ட வெட்கப்பட்டவர்களையும் கடைக்காரன் என்ற முறையில் எனக்குத் தெரிந்திருந்தது. யார் வீட்டில் அரிசி பத்துக் கிலோவிலிருந்து இரண்டு கிலோவாகக் குறைந்தது என்பது கடைக்காரனுக்குத் தெரியாதா? 2022 ஏப்ரல் முதல் தேதி பாலம் மக்கள் போக்குவரத்துக்கு முழுமையாகத் திறந்தபோது என் உள்ளமும் பெரும்பாலும் திறந்திருந்தது. அல்ஹம்து லில்லாஹ்!

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கடை மட்டும் என்னைக் குணப்படுத்தியது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பார்த்தேன். சில மாதங்கள் மாத்திரையும் சாப்பிட்டேன். மருந்து என்னை எழுந்து நிற்க வைத்தது. எழுந்து நின்றவனுக்கு நடக்க இடம் கொடுத்தது கடை.

அந்த மருத்துவர் சொன்ன ஒரு விஷயம் இங்கே பொருந்தும். 1970-களில் அமெரிக்காவில் பீட்டர் லெவின்சன் என்ற மனநல அறிஞர், சோர்ந்தவர் காரியங்களை விட்டு ஒதுங்க ஒதுங்கச் சோர்வு மேலும் கூடுகிறது என்றும், உற்சாகம் வரட்டும் என்று காத்திராமல் சிறு சிறு காரியங்களை நேரம் குறித்துச் செய்ய வைத்தால் உற்சாகம் பின்னால் வருகிறது என்றும் கண்டு, அதையே சிகிச்சையாக்கினாராம். இதைக் கேட்டதும் எனக்குத் தொழுகையின் நினைவு வந்தது. உள்ளம் உருகட்டும், பிறகு தொழலாம் என்று யாராவது காத்திருக்கிறோமா? பாங்கு சொன்னதும் கை கால் கழுவுகிறோம், நிற்கிறோம், குனிகிறோம். உடம்பு முன்னே போகிறது. உள்ளம் பின்னே வருகிறது. கடையும் அப்படியே. குறித்த நேரத்தில் கதவைத் தூக்க வேண்டும். ஒருவர் வந்து ஸலாம் சொன்னால் பதில் சொல்ல வேண்டும். ஒரு கிலோ கேட்டால் ஒரு கிலோ நிறுக்க வேண்டும். நிறுத்துக் கொடுத்ததும் ஒரு காரியம் முடிந்தது. நான் எதற்கும் உதவாதவன் என்ற உள்குரலுக்கு, ஒரு நாளைக்கு ஐம்பது பேர் வந்து மறுப்புச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்!

ஆனால் வெறும் வியாபாரம் இந்தப் பலனைத் தராது. இதற்குச் சில அதபு உண்டு.

முதலாவது, நிய்யத்து. கதவைத் திறக்கும்போதே, இன்று என் கையால் நாலு பேருடைய தேவை தீரட்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அடியான் தன் சகோதரனுக்கு உதவும் காலமெல்லாம் அல்லாஹ் அவனுக்கு உதவியாயிருக்கிறான் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை.

இரண்டாவது, முகமலர்ச்சி. சகோதரனைப் பார்த்துப் புன்னகைப்பதையும் ஸதகா என்றார்கள் அண்ணல் (ஸல்) அவர்கள். கல்லாவிலிருந்து ஒரு காசும் குறையாத ஸதகா இது.

மூன்றாவது, காது கொடுத்தல். சாமான் வாங்க வரும் கிழவி மருமகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால், கேட்டுவிட்டு அனுப்புங்கள். அவளுக்குப் பேச வீட்டில் ஆள் இல்லாதிருக்கலாம்.

நான்காவது, பெருந்தன்மை. விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைக் கேட்கும்போதும் இலகுவாக நடப்பவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்வின் அருளை வேண்டினார்கள். வாங்கியவர் வருந்தித் திருப்பிக் கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வதையும் புகழ்ந்தார்கள். பற்று எழுதியவருக்குக் கஷ்டம் வந்தால் தவணை கொடுக்கத் திருமறையே கட்டளையிடுகிறது. கடனைக் கேட்டுச் சத்தம் போட்ட நாளில் இரவு தூக்கம் வருகிறதா, தவணை கொடுத்த நாளில் வருகிறதா என்று அவரவர் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். சிரிப்பு மருந்தாகும்; கட்டாயச் சிரிப்பு நோயாகவும் ஆகும். 1983-இல் ஆர்லி ஹோக்ஷில்ட் என்ற அமெரிக்க அம்மையார் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, சம்பளத்துக்காக நாள் முழுவதும் சிரிக்க வேண்டியவர்களின் உள்ளம் எப்படி வற்றிப் போகிறது என்று ஒரு நூல் எழுதினார். என் மகள் கல்லூரிப் பாடத்திலிருந்து இதைச் சொன்னபோது, நம் கடைகளில் நிற்கும் பையன்கள்தாம் என் கண் முன் வந்தார்கள். தாய் தகப்பனை விட்டு, பர்மிட்டில் வந்து, பன்னிரண்டு மணி நேரம் நின்று, வருபவர் போகிறவரிடமெல்லாம் பேச்சு வாங்கி, இரவு மாடி அறையில் படுக்கிறார்கள். வாடிக்கைக்காரரிடம் தேனாகப் பேசிவிட்டு ஊழியனிடம் தேளாகப் பேசினால், நமது சேவைக்கு என்ன கூலி கிடைக்கும்? பணியாளர்கள் நம் சகோதரர்கள் என்றும், நாம் உண்பதை அவர்களுக்கும் கொடுத்து, தாங்க முடியாத சுமையை ஏற்றாதிருக்க வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். ஆகவே வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்கு முழு ஓய்வு கொடுங்கள். கத்துகிற வாடிக்கைக்காரரிடமிருந்து பையனை உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் முன்னே நில்லுங்கள். சில நாட்களாகச் சாப்பிடாமல், பேசாமல், ஊருக்குப் போன் செய்யாமல் இருப்பவனைச் 'சோம்பேறி' என்று முத்திரை குத்தாமல், "தம்பி, உனக்கு என்னப்பா?" என்று தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்.

நோய் முற்றியவரை, "கடைக்கு வா, சரியாகிவிடும்" என்று இழுப்பதும் தவறு. கால் ஒடிந்தவனை ஓடச் சொல்வோமா? அவருக்கு முதலில் மருத்துவர் வேண்டும். ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான் என்பதால் சிகிச்சை தேடுவது தவக்குலுக்கு முரணாகாது. துக்கத்தில் இருப்பவருக்குப் பார்லி மாவுக் கஞ்சி நெஞ்சுக்கு இதம் தரும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்த வீடுகளுக்கு அன்னையவர்கள் கஞ்சி காய்ச்சச் சொல்வார்களாம். தஸ்பீஹோடு கஞ்சியையும் சேர்த்தது நம் மார்க்கம்! நம்மவர்கள் தம்போய் என்ற பெயரைக் கேட்டாலே குரலைத் தாழ்த்துகிறோம். அங்கிருக்கும் பெர்மாய் மருத்துவமனையும் மற்ற மருத்துவமனைகளைப் போல் ஒரு மருத்துவமனையே. அங்கே போய் வந்தவர் வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் தயங்குவது அறியாமை.

உயிரே வேண்டாம் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்துவிட்டால், பத்வா தேடி நேரத்தைப் போக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் கூடவே இருங்கள். மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணில் மனநல ஆலோசனை கேட்கலாம். முன்பு தற்கொலை முயற்சி நம் நாட்டில் குற்றமாக இருந்தது. 2023-இல் அந்தச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து எவரும் மறைக்க வேண்டியதில்லை.

அருமைச் சகோதரர்களே! ஜும்ஆ முடிந்ததும் அவசரமாகச் செருப்பைத் தேடும் நாம், ஐந்து நிமிடம் நின்று பக்கத்துக் கடைக்காரரின் முகத்தைப் பார்ப்போம். இரண்டு வாரமாகக் கடை திறக்காதவர் யார், திறந்தும் பேசாதவர் யார் என்று விசாரிப்போம். முடிந்தால் அவர் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வருகிற வாடிக்கைக்காரருக்கு அவரோடு சேர்ந்து சாமான் எடுத்துக் கொடுப்போம். புத்திமதி சொல்வதைவிட அது பெரிய உதவி.

யா அல்லாஹ்! யூனுஸ் நபி (அலை) அவர்களை மூன்று இருள்களிலிருந்து மீட்டெடுத்தவனே! இருண்ட உள்ளங்களுக்கு ஒளியைக் கொடு. எங்கள் வாசலை மிதிப்பவர்களின் தேவையை எங்கள் கையால் தீர்த்து, எங்கள் தேவையை உன் ரஹ்மத்தால் தீர்த்து வை. எங்கள் கடைகளில் பரக்கத்தையும், நிறுவையில் நேர்மையையும், முகத்தில் மலர்ச்சியையும், எங்களிடம் பணி செய்யும் பிள்ளைகளின் நெஞ்சில் நிம்மதியையும் உண்டாக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!

வஸ்ஸலாம்.